தூய்மையும் தீராத ஐயமும்

(தசலட்சணப் பெருவிழாவில் உத்தம சௌச நாளன்று நிகழ்த்தப்பெற்ற உரை)



பத்துத் தருமங்களுள் உத்தம சௌசம் தூய்மையைக் குறிப்பது. அத்தூய்மையை உலோபம் நீங்கிய உள்ளத்தில் காண்பதே ஆன்றோர் கொண்ட பொருள். ஆயினும் இல்லங்களில் தூய்மை என்றவுடன் குடமும் வடிதுணியும் கைகளுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. நீரை வடித்துப் பருகுவதும், தானியத்தில் சிற்றுயிர் பார்த்துப் புடைப்பதும், பொழுது சாயுமுன் உண்டு முடிப்பதும் தலைமுறைகளாகக் காக்கப்பெற்று வரும் ஒழுக்கங்கள். அந்த நல்லொழுக்கங்களின் போர்வையில் ஒரு நோய் ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கக் கூடும் என்பதே இவ்வுரையின் பொருள்.

அதனை எண்ணச் சுழற்சி நோய் என்பர். மருத்துவமனைகளில் ஓ.சி.டி. என்னும் சுருக்கப் பெயரே வழங்குகிறது. விரும்பாத எண்ணமோ ஐயமோ மனத்துள் வலிந்து நுழைந்து அச்சத்தை எழுப்புகிறது. அச்சம் தணிய ஒரு செயல் செய்யப்படுகிறது. தணிவு சில நிமிடங்களே நிற்க, ஐயம் முன்னினும் வலிமையோடு திரும்புகிறது. உலகில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பேர் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆட்படுகின்றனர் எனக் கணக்கிடப்படுகிறது. பெரும்பாலும் பள்ளி இறுதி, கல்லூரிப் பருவங்களில் தலைகாட்டும். 10 வயது நிரம்பாச் சிறுவரிடமும் காணப்படுவதுண்டு.

ஓர் இல்லத்தரசியை எண்ணிப் பார்க்கலாம். நீரை ஒருமுறை வடித்தால் போதும் என்பதை அவர் அறிவார். வடித்து முடித்ததும், துணியில் கிழிசல் இருந்திருக்குமோ என்று ஓர் ஐயம் எழுகிறது. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மீண்டும் வடிக்கிறார். இப்போது குடத்தின் விளிம்பு பட்டதா என்ற ஐயம். ஏழுமுறை வடித்தும் நிறைவில்லை. சமையல் பிந்துகிறது, பிள்ளைகள் உண்ணாமல் பள்ளிக்குச் செல்கின்றனர், அவரோ பொழுது சாய்வதற்குள் உண்ண முடியாமல் பல நாள் பட்டினி கிடக்கிறார். அக்கம்பக்கத்தார் அவரைப் பெரும் நோன்பாளர் என்று புகழ்கின்றனர். அந்தப் புகழே அவர் மருத்துவரை நாடாமைக்கு ஒரு காரணமாகிவிடுகிறது.

இந்நோய் ஒருவர் எதை உயர்வாக மதிக்கிறாரோ அதையே பற்றிக்கொள்ளும் இயல்பினது. கத்தோலிக்கருள் பாவமன்னிப்பை மீண்டும் மீண்டும் நாடுவோராகவும், இசுலாமியருள் தொழுகைக்கு முன் கைகால் கழுவுதலை முடிக்க இயலாதோராகவும் இதே நோயாளர் காணப்படுகின்றனர். கொல்லாமையை உயிராகப் போற்றும் இல்லத்தில் அது கொலையச்சமாக வருவதில் வியப்பில்லை. இளைஞன் ஒருவன் வந்த வழியே திரும்பி நடந்து, எறும்பு ஏதேனும் மிதிபட்டதா என்று தேடுகிறான்; தேடும்போது வேறொன்றை மிதித்திருப்பேனோ என்று அஞ்சி மறுபடியும் திரும்புகிறான். ஈரியா சமிதியோ நான்கு முழம் முன்னே நிலத்தை நோக்கி நடக்கச் சொல்கிறது. அதுவும் துறவியர்க்கு வகுக்கப்பட்ட நெறி. பின்னோக்கித் தேடும் நடை எந்நெறியிலும் இல்லை.

தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது உயிர் போதலை மட்டும் சொல்லி நின்றுவிடவில்லை. பிரமாதம் என்னும் கவனமின்மையை அதனோடு சேர்த்தே கூறுகிறது. பொன்னூர் மலையில் தவம் புரிந்தவராக மரபு போற்றும் குந்தகுந்தரும், கவனத்தோடு ஒழுகுபவருக்கு நேர்ந்துவிட்ட உயிர்க்கேடு மட்டுமே வினைக்கட்டாவதில்லை என்று பிரவசனசாரத்தில் விளக்குகிறார். இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டியது சங்கற்ப இம்சையே. சமையலிலும் தொழிலிலும் நேரும் இம்சையைக் குறைத்துக்கொள்வதே அவர் கடமை. கவனம் ஒருமுறை பார்த்து அமையும். நோயோ எத்தனை முறை பார்த்தாலும் அமைவதில்லை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இச்சுழற்சியில் கழியுமாயின், அல்லது உணவும் உறக்கமும் படிப்பும் தொழிலும் கெடுமாயின், அதனைப் பக்தி என்று கருதி விட்டுவிடலாகாது.

இன்னும் நுட்பமான துன்பம் ஒன்றுண்டு. பெரும்பாலோர் அதை வாய்விட்டுச் சொல்வதேயில்லை. ஜினாலயத்தில் திருவுருவின் முன் நிற்கையில் இழிந்த காட்சி ஒன்று மனத்தில் தோன்றுகிறது. குழந்தையை ஏந்திய தாய்க்கு அதைக் கீழே போட்டுவிடுவேனோ என்ற எண்ணம் வருகிறது. பாவமே வினைக்கட்டுக்குக் காரணம் என்று, அதாவது உள்ளக் கருத்தே காரணம் என்று, கேட்டு வளர்ந்தவர்கள் எண்ணம் தோன்றியதாலேயே பெருவினை சேர்ந்ததாக நடுங்குகின்றனர். 1978-இல் ஸ்டான்லி ராக்மன் என்பவரும் இலங்கையில் பிறந்த உளவியலறிஞர் பத்மால் டி சில்வாவும் வெளியிட்ட ஆய்வு, நோயற்ற மக்களுள்ளும் பெரும்பாலோர்க்கு இத்தகைய எண்ணங்கள் தோன்றி மறைவதைக் காட்டியது. மற்றவர் அதைப் பொருட்படுத்தாது விடுகின்றனர். நோயாளர் அதைத் தம் குணத்துக்குச் சான்றாகக் கொள்கின்றனர். ரௌத்திர தியானம் என்பது கொடுமையில் இன்புறும் மனநிலை. அவ்வெண்ணத்தைக் கண்டு அழுபவரிடம் அந்த இன்பம் எங்கே இருக்கிறது? அவரிடம் பிரதிக்கிரமணத்தை இன்னும் பன்முறை ஓதுமாறு கூறுவது நோய்க்கு உணவிடுவதாகும். க்ஷமாவாணி நாளில் ஒரே பிழைக்கு ஒரே உறவினரிடம் பத்துமுறை மன்னிப்புக் கேட்பவரைக் கண்டாலும் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இந்நோய் தீர்க்க அரிது என்ற கருத்து முன்பு மருத்துவரிடையேயும் இருந்தது. 1966-இல் இலண்டனில் விக்டர் மேயர் என்பவர் வெளியிட்ட சிகிச்சை முறை அக்கருத்தை மாற்றத் தொடங்கியது. அச்சமூட்டும் சூழலைப் படிப்படியாக எதிர்கொண்டு, வழக்கமான சடங்கைச் செய்யாதிருப்பதே அதன் அடிப்படை. மேற்சொன்ன இல்லத்தரசி நீரை ஒருமுறை வடித்து, ஐயம் மனத்தில் இருக்கும்போதே பருக வேண்டும். முதல் நாள் நடுக்கம் மிகும். ஆயினும் செய்யாமல் பொறுத்திருக்க, அச்சம் தானே இறங்குவதை அவர் உடல் கற்றுக்கொள்கிறது. இதற்காக வடிக்காத நீரைக் குடிக்கவோ இரவில் உண்ணவோ வேண்டியதில்லை. தக்க சிகிச்சையாளர் ஒருவரது நெறியைக் குலைப்பதில்லை. நெறி கேட்காத மிகையையே குறைக்கிறார். எது நெறி, எது மிகை என்பதில் ஐயமிருப்பின் மூத்த அறிஞர் ஒருவரை ஒரே ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். மீண்டும் மீண்டும் கேட்டால் அதுவே புதிய சடங்காகிவிடும்.

குடும்பத்தார் அன்பினால் செய்யும் தவறும் இங்கேதான் நிகழ்கிறது. "அம்மா, எறும்பு சாகவில்லையே?" என்று மகள் கேட்க, "இல்லையடி கண்ணே" என்று தாய் நூறுமுறை விடையளிக்கிறாள். ஒவ்வொரு விடையும் அடுத்த கேள்விக்கு வழிவிடுகிறது. ஏசுவதும் பயன் தராது. மகளோடு முன்னரே கலந்து பேசி, "இது நோய் கேட்கும் கேள்வி, கண்ணே, இதற்கு விடை சொல்லமாட்டேன், ஆனால் உன் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்று கூறப் பழகலாம். பத்துமுறை விடையளித்த இடத்தில் ஐந்துமுறை, பின் இருமுறை எனக் குறைப்பது இருவருக்கும் எளிது.

முன்வினைப் பயன் என்று சொல்லி மருத்துவத்தைத் தள்ளிப்போடுவோரும் உளர். அவர்களே காய்ச்சலுக்கு மருந்து வாங்க மறுநாள்வரை காத்திருப்பதில்லை! பெங்களூரு நிம்ஹான்சில் இந்நோய்க்கெனத் தனிப் பிரிவே இயங்குகிறது. சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் மருத்துவரைக் காணலாம். 2022-இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் தொலைபேசி எண் 14416, கட்டணமில்லை. வாழ்வு வேண்டாம் என்ற சொல் நோயாளர் வாயில் வருமாயின் அன்றே அழைக்க வேண்டும், தனித்து விடலாகாது.

மருந்துகளுள் ஃப்ளுவாக்செடின், செர்ட்ரலின், ஃப்ளுவாக்சமின் முதலியன வழங்கப்படுகின்றன. இவை போதையூட்டுவன அல்ல. பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். இரண்டு வாரத்தில் பயனில்லை என்று கைவிடுவோர் பலர். நலமானதும் தாமாகவே நிறுத்துதல் கூடாது. சமண இல்லத்தார்க்கு இரண்டு இடர்ப்பாடுகள் நேர்வதுண்டு. மருந்து உறைகள் பல விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை. உறையில்லா மாத்திரையாகத் தர இயலுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். இரவில் விழுங்குமாறு எழுதப்பட்டிருப்பின், தம் நோன்பைச் சொல்லி, காலையிலோ பொழுது சாயுமுன்னரோ மாற்றித் தர இயலுமா என்றும் கேட்கலாம். இவற்றைக் கேட்கக் கூசி, மருந்துச் சீட்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டோர் இருப்பர். அச்சீட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் மருத்துவரிடம் செல்லலாம்.