யாளியைக் கண்ட கண்கள்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் வட்டத்துப் பிள்ளைகளை நவீன ஓவியக் கூடம் ஒன்றுக்கு அழைத்துச் செல்லலாம் என்ற கருத்து எழுந்தபோது, 'நமக்கே புரியாத படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டி என்ன பயன்?' என்று அன்பர் சிலர் வினவினர். நியாயமான வினாவே. அதற்கு விடை கூற முயல்வதே இவ்வுரையின் நோக்கம்.

புரியவில்லை என்னும் குறை நமக்குப் புதிதன்று. 1959இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கிப் புதுக்கவிதைக்கு இடம் தந்தபோதும் இதே குரல் எழுந்தது. இன்று புதுக்கவிதையை நம் மேடையிலேயே போற்றுகிறோம். கவிதைக்கு அளித்த பொறுமையை ஓவியத்துக்கும் அளிக்கலாகாதா?

கோயம்புத்தூரில் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977), 1850இல் தொடங்கப்பட்ட சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக விளங்கியவர். 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையில் அவர் தீட்டிய படங்களில் எழுத்துப் போன்ற வரிகளும் சாதகக் கட்டங்களும் நிறைந்திருக்கும். அவ்வெழுத்துகளைப் படிக்க இயலாது. படிப்பதற்காக அவர் எழுதவுமில்லை. அவற்றின்முன் இடர்ப்படுவோர் படித்தவர்களாகிய நாமே. பொருள் எங்கே என்று தேடுகிறோம். குழந்தையோ வரியின் வளைவைக் காண்கிறது. 'அ' எழுதப் பழகுமுன் சுவரெல்லாம் கிறுக்கிய கை அல்லவா அது!

மதுரைப் பிள்ளைகளுக்கு இது இன்னும் எளிது. மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்து யாளியைக் கண்டு, 'இப்படியொரு விலங்கு உண்டா?' என்று எந்தப் பிள்ளையும் முகம் திருப்புவதில்லை. அதன் வாயில் கைவிட்டுப் பார்க்கவே விரும்பும். புள்ளியைச் சுற்றி வளையும் கோலத்துக்குப் பொருள் கேட்பாரும் இல்லை. அழகிய வடிவம் எதையும் ஒத்திருக்க வேண்டியதில்லை என்பதைப் பிள்ளைகள் வீட்டு வாசலிலேயே கற்றுவிடுகின்றனர்.

அதை மறக்கச் செய்பவர்கள் நாம். இரண்டு மலை, நடுவே சூரியன், ஓரத்தில் தென்னை என்று ஒரே படத்தைப் பார்த்து வரையச் செய்கிறோம். வேறாக வரைந்தால் தவறு என்கிறோம். சில ஆண்டுகளில் அப்பிள்ளை, 'எனக்கு வரைய வராது' என்று சொல்லிவிடுகிறது. ஒரு பிள்ளை தன் கண்ணைத் தானே நம்பாமற்போவது சிறிய இழப்பன்று.

சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில், 1966இல் பணிக்கரும் பிற ஓவியர்களும் அமைத்தது சோழமண்டல ஓவியர் கிராமம். பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்று, அப்பணத்தில் நிலம் வாங்கி, தாமே உருவாக்கிய குடியிருப்பு அது. அங்கே 2009இல் திறக்கப்பட்ட கலைக்கூடத்தில் சென்னை ஓவிய இயக்கத்தாரின் படைப்புகளையும், வெளியே திறந்தவெளியில் சிற்பங்களையும் காணலாம். சென்னையினும் நமக்கு அணிமையிலுள்ள திருவனந்தபுரத்தில், அருங்காட்சியக வளாகத்திலேயே பணிக்கரின் ஓவியங்களுக்கெனத் தனிக்கூடம் உண்டு.

அழைத்துச் செல்வோருக்குச் சில சொற்கள். ஒரு மணி நேரம் போதும். எல்லாவற்றையும் காட்ட முனைய வேண்டா. 'இது என்ன?' என்று தேர்வு வைக்காமல், 'உனக்குப் பிடித்தது எது? அதில் என்ன காண்கிறாய்?' என்று கேளுங்கள். பிள்ளை நின்ற இடத்தில் நீங்களும் நில்லுங்கள். 'தொடாதே' என்று அதட்டுமுன், கையின் வியர்வை வண்ணத்தைக் கெடுக்கும் என்று காரணம் சொல்லுங்கள். 'இதை நானே வரைவேனே' என்று பிள்ளை சொன்னால் நகைக்காதீர்கள். வீடு திரும்பியதும் தாளும் வண்ணமும் கொடுங்கள்.

பத்தாண்டுகளாகச் சொல்லின் சுவையை நுகர்ந்துவந்த நம் வட்டம், பதினோராம் ஆண்டில் பிள்ளைகளுக்காக ஒரு பேருந்தை அமர்த்த வேண்டும் என்று கேட்டு அமைகிறேன்.