மரப்பொந்துக்குள் ஒரு தபசு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இருவாச்சின்னு சொன்னால் நம்ம சங்கரன்கோவில்காரர்களுக்குப் பூ மார்க்கெட்தான் ஞாபகம் வரும். நான் பேச வந்தது அதே பெயருள்ள பறவையைப் பற்றி. நமக்கு மேற்கே தெரிகிற மலைத்தொடரில், களக்காடு-முண்டந்துறைக் காட்டிலும் மேகமலையிலும் வாழ்கிறது பெரிய இருவாச்சி. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம், சுமார் 3 கிலோ எடை. பெரிய மஞ்சள் அலகு. அதன் மேல் தொப்பி வைத்தாற்போல் ஒரு புடைப்பு. பறந்து வந்தால் இறக்கைச் சத்தமே தூரத்தில் கேட்கும்.

கோமதியம்மன் தபசிருந்த ஊர் நம்ம ஊர். ஆடித்தபசுக்கு எங்கே இருந்தாலும் ஓடி வந்துடுவோம். இந்தப் பறவையும் வருஷா வருஷம் ஒரு தபசு இருக்குங்க. ஜனவரி, பிப்ரவரி வாக்கில் பெண் பறவை உயரமான மரத்தின் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையே பூசி வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிச்சம். உள்ளேயே முட்டை, உள்ளேயே பழைய இறகுகளை உதிர்க்கும். ஆண் பறவை அத்திப் பழங்களைத் தொண்டையில் அடக்கிக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டும். தாய் முதலில் வெளியே வரும். குஞ்சு வாசலை மறுபடி அடைத்துக்கொண்டு உள்ளேயே வளரும். ஏறத்தாழ நான்கு மாதம் இந்தக் குடித்தனம். பெரும்பாலும் ஒரே ஒரு குஞ்சுதான் தேறும்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. அந்த ஆண் பறவையை ஒருவன் சுட்டுவிட்டால், சாவது ஒரு உயிர் மட்டுமல்ல. உள்ளே காத்திருக்கிற தாயும் குஞ்சும் பட்டினி கிடந்து சாக நேரிடும்.

இன்னொரு சங்கதி. மரங்கொத்தி மாதிரி இதற்குப் பொந்து குடையத் தெரியாது. கிளை முறிந்து, உளுத்து, தானாகக் குழி விழுந்த முதுமரம்தான் வேண்டும். அப்படி ஒரு மரம் உருவாகப் பல தலைமுறை ஆகும். வெட்ட ஒரு பகல் போதும். புதுசாக ஆயிரம் கன்று நட்டாலும் அடுத்த ஜனவரிக்கு ஒரு பொந்து கிடைக்குமா?

காட்டுக்கு இந்தப் பறவை செய்கிற கைம்மாறும் பெரிது. பழத்தை முழுசாக விழுங்கி, விதையைத் தாய்மரத்துக்கு அப்பால் கொண்டுபோய்ப் போடும். பெரிய விதையுள்ள பழங்களை விழுங்கக்கூடிய பறவைகள் கொஞ்சம்தான். அந்தக் காடு மழைநீரைப் பிடித்துவைத்து ஓடையாக விடுவதால்தான் அடிவாரத்துக் குளங்களுக்கு வரத்து.

கேரளத்து வாழச்சால் காட்டில், முன்பு இருவாச்சிக் குஞ்சுகளைப் பிடித்துவந்த காடர் பழங்குடியினரில் சிலர், இன்று அதே கூடுகளுக்குக் காவல் நிற்கிறார்கள். எந்த மரத்தில் கூடு என்பது அவர்களுக்குத்தான் அத்துபடி. அறிவு அதேதான், பயன்படுத்துகிற விதம் மாறிவிட்டது.

மாணவச் செல்வங்களே, குற்றாலத்துக்கும் மலைக்கும் நீங்கள் போகத்தான் போகிறீர்கள். கூடு இருக்கிற மரத்தடியில் கூட்டம் போடாதீர்கள். போட்டோவுக்காக நெருங்கிப் போகாதீர்கள். ஆள் நின்றால் ஆண் பறவை இரையோடு தயங்கி நிற்கும்; உள்ளே இரண்டு ஜீவன் பசியோடு காத்திருக்கும். ஒதுங்கி நிற்பதும் ஒரு தொண்டுதான்.