கையில் இருக்கிற போனிலேயே நல்ல படம் எடுக்கலாம்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைதான் படிச்சவ. அகரம்தென் பக்கம் வீடு. மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. ஆனா நம்ம குழுக்களின் பொருளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுற வேலையை மூணு வருஷமாப் பார்த்துக்கிட்டு வர்றேன். அதனால் இதைப் பற்றிப் பேசச் சொன்னாங்க.

முதல்ல ஒரு பணக் கணக்கு. எங்க குழுக் கூட்டத்தில் ரெண்டு பேர் உள்கடன் கேட்டாங்க. எதுக்குன்னா புதுப் போன் வாங்க. ஒருத்தர் 18,000, இன்னொருத்தர் 22,000. "படம் சரியா வரல, அதனாலதான் ஆர்டர் வரல" என்று காரணம். எங்க குழுவில் 12 பேர், மாசம் ஆளுக்கு 200 ரூபாய் சேமிப்பு. அப்படின்னா மாசம் 2,400. ஒரு 18,000 சேர ஏழரை மாசம் ஆகும். தீர்மானப் புத்தகத்தில் எழுதறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பொறுங்க, இருக்கிற போனை வச்சே எடுத்துப் பார்ப்போம்னு நான் சொன்னேன். ஊக்குநர் அக்காவும் சரின்னாங்க. அந்த ஒரு வாரத்தில் நாங்க என்னென்ன செஞ்சோமோ அதைத்தான் இங்கே சொல்லப் போறேன்.

ரெண்டு போனையும் வாங்கி முதலில் பின்னாடி திருப்பிப் பார்த்தேன். ஒண்ணில் கேமரா கண்ணாடி மேல எண்ணெய்ப் பிசுக்கு. நாம அடுப்படியில் வேலை செஞ்ச கையோட போனை எடுக்கிறவங்க. அந்த விரல் ரேகை கண்ணாடியில் படிஞ்சால் படம் முழுக்கப் பனி மூட்டம் போட்ட மாதிரி இருக்கும், விளக்கு வெளிச்சம் கோடு கோடா இழுக்கும். முதலில் வாயால ஊதித் தூசியைப் போக்கிட்டு, சுத்தமான பழைய பருத்தித் துணியால் மெதுவாத் துடைச்சேன். மண்ணோட சேர்த்துத் தேய்ச்சால் கீறல் விழும். அதுக்கப்புறம் எடுத்த படத்தைப் பார்த்து அந்த அக்கா, "இது என் போன்தானா?"ன்னு கேட்டாங்க. இன்னொரு போனில் கேமரா கண்ணாடியே விரிசல். அதுக்கு எந்த செட்டிங்கும் உதவாது. தாம்பரத்தில் ஒரு கடையில் கண்ணாடி மட்டும் மாத்த 300 ரூபாய் ஆச்சு.

அடுத்து வெளிச்சம். மத்தியான வெயிலில் வாசலில் வச்சு எடுத்தால் ஒரு பக்கம் வெளுத்துப் போகும், மறுபக்கம் கருநிழல் விழும். காலையில் திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ, நேர் வெயில் படாத இடத்தில் வச்சு எடுங்க. இதில் ஒண்ணு கவனிக்கணும். நம்ம வீடுகளில் வாசலுக்கு நீலத் தார்ப்பாய் கட்டியிருப்போம். அதுக்குக் கீழே எடுத்தால் எல்லாமே நீலம் பூசிக்கும், மஞ்சள் தூள் கூடப் பச்சையாத் தெரியும். பச்சை பெயிண்ட் அடிச்ச சுவர் பக்கத்தில் இருந்தாலும் அப்படித்தான். ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் சேர்ந்து விழுந்தாலும் நிறம் குழம்பும். பகலில் எடுக்கும்போது லைட்டை அணைச்சிடுங்க.

இந்த நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்லணும், ஏன்னா நம்ம பணம் இதில்தான் போகுது. எங்க குழுவில் ஒரு தங்கச்சி சேலை விக்கிறா. அரக்கு நிறச் சேலை ஒண்ணு படத்தில் நல்ல சிவப்பாத் தெரிஞ்சிருக்கு. மேடவாக்கத்தில் இருந்து வாங்கினவங்க, "நான் கேட்ட கலர் இது இல்லை"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. போக வர கூரியர் செலவு இவ தலையில். அவ பொய் சொல்லல, போன்தான் தானாகவே நிறத்தைத் தூக்கிக் காட்டியிருக்கு. இப்போ வர்ற போன்களில் கேமராவைத் திறந்தால் மேலே 'ஏஐ' என்று ஒரு குறி இருக்கும். அது சாப்பாட்டைக் கண்டால் சிவப்பைக் கூட்டும், இலையைக் கண்டால் பச்சையைக் கூட்டும். பொருளைப் படம் எடுக்கும்போது அதை அணைச்சிடணும். 'பில்டர்', 'பியூட்டி' எல்லாம் வேண்டாம். பியூட்டி முகத்துக்குத்தான், நம்ம கை முறுக்குக்கு எதுக்கு?

அப்படியும் நிறம் சரியா வரலைன்னா 'புரோ' என்று ஒரு பகுதி பல போன்களில் இருக்கு. அதைத் திறந்தால் 'டபிள்யூ பி' என்று வரும். அதாவது வெள்ளையை வெள்ளையாக் காட்டுற அளவு. பகல் வெளிச்சத்துக்கு 5,500 பக்கத்தில் வச்சுப் பாருங்க. சேலை பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வச்சுக்கோங்க. அந்தத் தாள் போனிலும் வெள்ளையாத் தெரிஞ்சால் சேலை நிறமும் ஏறக்குறைய சரியா இருக்கும். பிறகு தாளை எடுத்துட்டு அதே அளவில் எடுக்கணும். அப்புறம் சேலையைக் கையில் பிடிச்சுக்கிட்டு, படத்தோட ஒப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் போடணும்.

வெள்ளைப் பொருளுக்கு ஒரு தொல்லை இருக்கு. அப்பளம், அரிசி மாவு, வெள்ளைத் துணி இதையெல்லாம் எடுத்தால் அழுக்கு மாதிரி சாம்பல் நிறத்தில் வரும். ஏன்னா கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சமாக ஆக்கப் பார்க்கும். ரொம்ப வெள்ளையைக் கண்டால் இருட்டாக்கும், ரொம்பக் கருப்பைக் கண்டால் வெளுக்கும். இதுக்குத் திரையில் பொருள் மேல ஒரு தட்டுத் தட்டுங்க. வட்டமோ சதுரமோ வரும், பக்கத்தில் சின்னச் சூரியன் படம் வரும். அப்பளத்துக்கு அந்தச் சூரியனைக் கொஞ்சம் மேலே தள்ளுங்க. கருப்பு எள்ளுருண்டைக்குக் கொஞ்சம் கீழே இறக்குங்க. இந்த ஒரு வித்தையைத் தெரிஞ்சுக்கிட்டால் பாதி வேலை முடிஞ்சது.

இவ்வளவு எதுக்குன்னு கேட்கலாம். 1989-ல் தர்மபுரியில் நம்ம குழுக்கள் தொடங்கின காலத்தில் பொருளை நேரில் கொண்டு போய்த்தான் விக்கணும். இப்பவும் நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகக் கண்காட்சிக்குப் போனால் வர்றவங்க தொட்டுப் பார்ப்பாங்க, ஊறுகாயை மோந்து பார்ப்பாங்க. 'மதி'ன்னு பேர் போட்டிருந்தால் நம்பி வாங்குவாங்க. பெரும்பாக்கம், வண்டலூர் அபார்ட்மெண்ட் குரூப்பில் இருக்கிறவங்களுக்கு வாசனை வராது, தொடவும் முடியாது. அவங்க கண்ணுக்குப் போறது படம் ஒண்ணுதான். அது உள்ளதைக் காட்டினால்தான் ரெண்டாவது தடவையும் ஆர்டர் போடுவாங்க.

புதுப் போன் கேட்ட அக்கா, "50 மெகாபிக்சல் இருக்கணும்"னாங்க. 50 மெகாபிக்சல்னு சொல்ற போன்களில் பலது, சாதாரணமா எடுக்கும்போது நாலு நாலு புள்ளியை ஒண்ணாச் சேர்த்து, 12 மெகாபிக்சல் அளவில்தான் படம் கொடுக்குது. அது நல்லதுக்குத்தான், இருட்டில் படம் தெளிவா வரும். அதோட, வாட்ஸ்அப்பில் சாதாரணமா அனுப்பினால் அது படத்தை இன்னும் சுருக்கிடும். 2023-ல் இருந்து 'எச்டி' என்று ஒரு குறி அதிலேயே வந்திருக்கு, அனுப்பும்போது அதைத் தட்டுங்க. எதையும் சுருக்காம அனுப்பணும்னா 'டாக்குமெண்ட்' என்று போட்டு அனுப்பலாம்.

விரலால் இழுத்துப் பெருசாக்கி எடுக்காதீங்க. அது படத்தை வெட்டிப் பெருசாக்குற வேலைதான், புள்ளி புள்ளியா உடையும். காலால நடந்து கிட்டப் போங்க. அதுக்காக மூக்கில் இடிக்கிற மாதிரி போனால் குடம் தொப்பை போட்ட மாதிரி வீங்கித் தெரியும், ஃபோகஸும் கிடைக்காது. ஒரு முழம் தள்ளி நின்னால் போதும். செட்டிங்கில் 'கிரிட்' என்று இருக்கிறதைப் போட்டுக்கிட்டால் திரையில் கோடுகள் வரும். டப்பா சாயாமல் இருக்க அது உதவும்.

வீடியோவுக்கு வர்றேன். சமையல் வீடியோ எடுக்கிறவங்க நம்மில் நிறையப் பேர். '4கே' என்று போட்டால் நல்லா இருக்கும்னு நினைச்சு மெமரியை ரொப்பிடுறாங்க. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் ரீல்ஸுக்கும் '1080'-ல், விநாடிக்கு '30' என்று வச்சால் தாராளம். 4கே-யில் புள்ளிகள் நாலு மடங்கு, இடமும் அதுக்கேத்த மாதிரி பிடிக்கும்.

எல்இடி பல்புக்குக் கீழே எடுத்தால் வீடியோவில் கருப்புக் கோடு ஓடுதா? போன் கெட்டுப் போச்சுன்னு பயப்படாதீங்க. நம்ம நாட்டு கரண்ட் விநாடிக்கு 50 சுற்று வருது. அதனால் பல்பு விநாடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். சில போன்களில் கேமரா செட்டிங்கில் 'ஆன்டி பேண்டிங்' அல்லது 'ஃபிளிக்கர்' என்று இருக்கும். அதில் 50-ஐத் தேர்ந்தெடுங்க. இல்லாத போன்னா ஜன்னல் வெளிச்சத்துக்குப் போயிடுங்க.

இன்னொண்ணு. கருப்பு இரும்புக் கடாயை வச்சு எடுக்கும்போது நம்ம கை உள்ளே வந்தால் படம் திடீர்னு இருட்டாகும், கை போனால் வெளுக்கும். முன்னே சொன்ன மாதிரி தட்டாம, ரெண்டு விநாடி அழுத்திப் பிடிச்சால் 'லாக்' ஆகிடும். பிறகு வெளிச்சம் ஆடாது. போனை நேர் மேலே பிடிக்காம சாய்வா வைங்க, ஆவி அடிச்சுக் கண்ணாடி மூடிக்கும். ஸ்டாண்டு வாங்க வேண்டாம், ரெண்டு சம்படத்தை அடுக்கி அது மேல சாய்ச்சு வச்சுத்தான் நான் எடுக்கிறேன். சத்தம்தான் நமக்குக் கஷ்டம். திருசூலம், பல்லாவரம் பக்கத்துக் குழுக்காரங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், விமானம் போய் முடியுற வரைக்கும் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்!

கணக்கு எழுதுற பிரதிநிதிகளுக்கு ஒரு வார்த்தை. தீர்மானப் பக்கத்தையும் பாஸ்புக்கையும் படம் எடுத்து அனுப்பும்போது ஃபிளாஷ் போடாதீங்க, நடுவில் வெள்ளையாப் பூத்து எழுத்து மறையும். தரையில் விரிச்சு, உங்க தலை நிழல் விழாத பக்கம் நில்லுங்க. 'கூகுள் டிரைவ்'-ல் ஸ்கேன் என்று இருக்கு, ஓரத்தை அதுவே நேராக்கிக் கொடுக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டுக்குள்ளே தண்ணி புகுந்ததை நாம எல்லாரும் அறிவோம். காகிதம் நனைஞ்சால் போச்சு. ரேஷன் கார்டு, பத்திரம், குழுப் புத்தகம் எல்லாத்தையும் மழைக்காலத்துக்கு முன்னாடி இப்படி ஸ்கேன் பண்ணி டிரைவில் போட்டு வைங்க.

கடைசியா, பெண் பிள்ளைகள் வச்சிருக்கிறவங்க கவனிக்கணும். கேமரா செட்டிங்கில் 'லொக்கேஷன்' என்று ஒண்ணு இருக்கும். அது போட்டிருந்தால் எந்த இடத்தில் எடுத்ததுன்னு படத்துக்குள்ளேயே பதிஞ்சிருக்கும். சில அரசு வேலைகளுக்கு ஆப்பில் எடுக்கிற படத்துக்கு இடம் பதியணும், அது அந்த ஆப்போட வேலை. ஆனா வீட்டில் எடுத்து வெளி ஆளுக்கு அனுப்புற படத்துக்கு அது தேவையில்லை. முக்கியமா டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அந்த விவரமும் கூடவே போகும். கேமராவில் அதை அணைச்சு வைங்க.

அந்த ரெண்டு கடன் விஷயம் என்னாச்சுன்னு கேட்பீங்க. பிசுக்கு துடைச்ச அக்கா மனுவைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. கண்ணாடி மாத்தினவங்க, 300 ரூபாயோட வேலை முடிஞ்சதால, கடனைத் தையல் மெஷினுக்கு மாத்திக் கேட்டாங்க, கொடுத்தோம்.

சாப்பாட்டுக்கு அப்புறம் சாமியானாவுக்குப் பின்னாடி வேப்பமர நிழலில் இருப்பேன். ஆளுக்கு ஒரு பொருளும் ஒரு வெள்ளைத் தாளும் கொண்டு வாங்க, அவங்கவங்க போனிலேயே எடுத்துப் பார்க்கலாம்.