வயிறு நிறைஞ்சுது, உடம்பு பட்டினி

வேங்கிக்கால்ல எங்க வீட்டு மொட்டை மாடியில இருந்து பேசறேன். இன்னிக்குப் பௌர்ணமி. ரோட்டுல வண்டிச் சத்தம் கேக்கும், பொறுத்துக்குங்க.

எடை குறைக்க எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் ஆகி 11 மாசம் ஆச்சு. இரைப்பையில கிட்டத்தட்ட 80 சதவீதத்தை வெட்டி எடுத்துடுவாங்க. மிச்சம் இருக்கறது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய்தான். "இனிமே தானா இளைச்சிடுவே"ன்னு எல்லாரும் சொன்னாங்க. இளைச்சேன். ஆனா நாலாவது மாசம் மாடிப்படி ஏறினா கால் நடுங்குச்சு. சீப்புல முடி கொத்துக் கொத்தா வந்துச்சு.

டயட்டீஷியன் ஒரே கேள்விதான் கேட்டாங்க: "என்ன சாப்பிடறீங்க?" காலையில ஒரு இட்லி. மதியம் நாலு ஸ்பூன் ரசம் சாதம். ராத்திரி அரை தோசை.

அங்கதான் சிக்கல். ஒரு இட்லியில புரதம் சுமார் 2 கிராம். எங்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் வேணும். அது கிடைக்கலன்னா கொழுப்போட சேர்ந்து தசையும் கரையும். வயித்துல இடமே கொஞ்சம்தான், அதை இட்லிக்குக் குடுத்துட்டா வேற எதுக்கும் இடமில்ல.

அதனால இப்போ முதல் வாய் புரதம்: முட்டை, மீன், பன்னீர், சுண்டல். சாதம் கடைசி. நல்லா மென்னு, 20 நிமிஷமாவது எடுத்துக்கறேன். சாப்பாட்டு நடுவுல தண்ணி கிடையாது, அரை மணி நேரம் கழிச்சுத்தான். வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. ஏன்னா, பி12 உடம்புல சேர உதவுற பொருள் இரைப்பையிலதான் சுரக்குது. வாந்தி நிக்காம வந்தா வீட்டு வைத்தியம் வேணாம், உடனே டாக்டர்கிட்ட போயிடுங்க. வைட்டமின் பி1 குறைஞ்சு நரம்பு பாதிக்கலாம்.

ஒரு கல்யாணத்துல அத்தை "ஒரே ஒரு வாய்டா"ன்னு கேசரி ஊட்டினாங்க. மறுக்க முடியல. கால் மணி நேரத்துல நெஞ்சு படபடன்னு அடிச்சு, வேர்த்துக் கொட்டி, மண்டபத்துலயே படுத்துட்டேன். இனிப்பு சீக்கிரமா குடலுக்கு இறங்கினா இப்படி ஆகும். 'டம்பிங்'னு சொல்வாங்க. இப்போ நானே முந்திக்கறேன்: "அத்தை, சுண்டல் இருந்தா குடுங்க."

அடுத்து நடை. ஆபரேஷன் முடிஞ்சு ஒரு நாளுக்குள்ள எழுப்பி நடக்க வெச்சாங்க, கால்ல ரத்தம் உறையக் கூடாதுன்னு. முதல் ஆறு வாரம் தண்ணி கேன்கூடத் தூக்க விடல. கலெக்டர் ஆபீஸ் பக்கம் பத்து நிமிஷம் நடந்ததுல ஆரம்பிச்சேன். ஆனா நடை மட்டும் தசையைக் காப்பாத்தாது. வாரத்துல மூணு நாள், கையை ஊனாம நாற்காலியில உக்காந்து எழுந்திருக்கறேன். ஜிம் செலவே இல்ல!

இன்னிக்கு ராத்திரி முதல் தடவையா கிரிவலம். 14 கிலோமீட்டர், எட்டு லிங்கம். ஒவ்வொண்ணுலயும் நின்னு ரெண்டு வாய் தண்ணி, பையில பொட்டுக்கடலை. கரும்பு ஜூஸ் பக்கம் திரும்பவே மாட்டேன். பாதியில முடியலன்னா ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்துடுவேன், அதுல வெக்கமே இல்ல. மலை எங்கயும் போகப் போறதில்ல, அடுத்த பௌர்ணமியும் வரும்.