எழுதும் சொல்லும் எடுத்துக்கொள்ளும் பொருளும்

(ஜமாஅத் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து பேசித் தீர்க்க வேண்டிய விஷயங்களை இன்று நாம் வாட்ஸ்அப் குழுக்களில் எழுதிப் பெரிதாக்கிக்கொள்கிறோம். நேரில் பேசும்போது குரலின் கனிவும் முகத்தின் மலர்ச்சியும் சொல்லோடு சேர்ந்து வருகின்றன. எழுத்தில் சொல் மட்டுமே போய்ச் சேருகிறது. எஞ்சியதைப் படிப்பவர் தம் மனநிலைக்கேற்ப நிரப்பிக்கொள்கிறார்.

"கணக்கு எப்போது வாசிக்கப்படும்?" என்று எழுதினால் அது கேள்வி. "இந்த வருடமாவது கணக்கை ஒழுங்காக வாசிப்பார்களா?" என்று எழுதினால், சென்ற வருடம் ஒழுங்காக வாசிக்கவில்லை என்னும் குற்றச்சாட்டு அதனுள் ஒளிந்திருக்கிறது. எழுதியவர், "நான் யாரையும் குறை கூறவில்லையே!" என்பார். அவர் கூறாததை அந்த 'ஆவது' கூறிவிட்டது. பதிலுக்குப் பதில் வளர்ந்து, விடிவதற்குள் இரு குடும்பங்களுக்கிடையே ஸலாம் நின்றுபோகிறது. கணக்குக் கேட்பது ஜமாஅத்தாரின் உரிமை. கேட்கும் சொல்லைக் குறித்தே நாம் இங்குப் பேசுகிறோம்.

ஸஹாபாக்கள், தங்களைக் கவனிக்குமாறு நபியவர்களிடம் வேண்டும்போது 'ராஇனா' என்று சொல்லி வந்தார்கள். அவர்கள் எண்ணத்தில் மாசு இல்லை. ஆயினும், மதீனாவில் வேறு சிலர் அதே சொல்லை இழிபொருள் தொனிக்க வளைத்து உச்சரித்தனர். ஆகவே, அச்சொல்லை விட்டு 'உன்ளுர்னா' எனக் கூறுமாறு முஃமின்களுக்கு இறைக்கட்டளை வந்தது (அல்குர்ஆன் 2:104). எண்ணம் தூய்மையாயிருந்தும் சொல் மாற்றப்பட்டதை நாம் சிந்திக்க வேண்டும். "என் நிய்யத் நல்லதுதானே!" என்று கூறிச் சொல்லின் பொறுப்பிலிருந்து எவரும் தப்ப இயலாது.

கேட்பவருக்கும் பாடம் உண்டு. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, அகழ்ப்போர் முடிந்தபின், பனூ குரைளாவைச் சென்றடையும்வரை எவரும் அஸர் தொழ வேண்டாமென நபியவர்கள் பணித்தார்கள். வழியிலேயே அஸர் நேரம் வந்தது. சொன்னபடி அங்குச் சென்றே தொழுவோம் என்றனர் சிலர். விரைந்து செல்ல வேண்டும் என்பதே அதன் கருத்தெனக் கொண்டு வழியிலேயே தொழுதனர் மற்றவர்கள். இச்செய்தி எட்டியபோது நபியவர்கள் இரு சாராரில் எவரையும் கடிந்துகொள்ளவில்லை என்பது புகாரியில் பதிவாகியுள்ளது. ஒரே வாக்கியத்தை இருவிதமாய் விளங்கியும் அவர்களின் சகோதரத்துவம் குலையவில்லை.

ஆகவே, அனுப்புவதற்கு முன் நம் சொல்லை எதிரிலிருப்பவரின் செவிகொண்டு ஒருமுறை கேட்போம். பிறர் எழுத்து நம்மைச் சுடுமாயின், அதில் நல்ல பொருளுக்கு இடமுண்டா என நோக்குவோம். ஐயம் தீராவிடில், பலர் பார்க்கப் பதிலெழுதாமல் தொழுகை முடிந்ததும் அவரிடமே கேட்போம். நம்முடன் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பவரன்றோ அவர்!

நம் நாவையும் விரல்களையும் பித்னாவிலிருந்து அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.