வாத்தியார் பிறப்பதில்லை

(உபாத்தியாயப் பயிற்சி மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உபாத்தியாயர் வேலைக்குப் பயிற்சி பெறுவதைப் பற்றியது. அதிலும், அந்தப் பயிற்சியைப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற வகுப்பிலேயே பெறவேண்டும் என்பதைப் பற்றியது. இது வாத்தியாராகப் போகிறவர்களுடைய உத்தியோக சங்கதி, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தமென்று இங்கு வந்திருக்கிற குடியானவர்களும் கடைக்காரர்களும் நினைக்கக்கூடும். வைத்தியருடைய படிப்பு சரியாயில்லாவிட்டால் நஷ்டம் வைத்தியருக்கா, நோயாளிக்கா என்று யோசித்துப் பார்த்தால் இதுவும் விளங்கும். நாம் சொல்லுவதில் உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

நம் நாட்டில் ஒரு பிள்ளைக்குப் படிப்பு வரவில்லையென்றால் காரணம் சொல்லுவது வெகு சுலபம். தலையெழுத்து என்பார்கள்; சரஸ்வதி கடாட்சமில்லை என்பார்கள்; சிலர் இன்னும் துணிந்து, "இவன் அப்பன் பாட்டன் படித்திருந்தாலல்லவா இவனுக்குப் படிப்பு ஏறும்" என்று சொல்லிவிடுவார்கள். அதேபோல் ஒருவர் நன்றாகச் சொல்லிக் கொடுத்தால் அவர் பிறவி ஆசான், கைராசிக்காரர் என்பார்கள். கற்கிறவன் யோக்கியதையும் பிறப்பில், கற்பிக்கிறவன் யோக்கியதையும் பிறப்பில் என்று ஆகிவிட்டால், நடுவில் கற்பித்தல் என்கிற வேலை எங்கே போயிற்று என்று கேட்கிறோம். தச்சுக்கு முறையுண்டு, தையலுக்கு முறையுண்டு, பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க மாத்திரம் முறை வேண்டியதில்லையா?

ஒரு உதாரணம் சொல்லுகிறோம். ஒரு பையன் 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதிக்கொண்டு வருகிறான். பயிற்சியில்லாத வாத்தியார் குறுக்கே ஒரு கோடு போடுவார். மறுநாள் அவனே 64-லிருந்து 38-ஐக் கழித்து 34 என்று கொண்டு வந்தால் "மக்கு" என்பார். ஆனால் அந்தப் பையன் மக்கல்ல. 2-லிருந்து 7 போகாதாகையால் அவன் 7-லிருந்து 2-ஐ எடுத்திருக்கிறான். 4-லிருந்து 8 போகாதாகையால் 8-லிருந்து 4-ஐ எடுத்திருக்கிறான். பெரியதிலிருந்து சின்னதைத்தான் எடுக்கவேண்டுமென்று கீழ் வகுப்பில் அவனுக்குச் சொல்லி வைத்ததை அவன் விசுவாசமாகக் காப்பாற்றி வருகிறான். அவனுடைய தப்பிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த வாத்தியார், பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக்கட்டுகளில் ஒன்றை அவிழ்த்துக் காட்டி அரை மணி நேரத்தில் அவனுக்கு வழிகாட்டிவிடுவார். கண்டுபிடிக்காதவர் வருஷமெல்லாம் கோடு போட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் பழியைப் பிரமனுடைய எழுத்தாணியின் மேல் போடுவார்.

எழுத்துப் படிப்பிலும் இப்படியே. 'கொ' என்கிற எழுத்தில் கொம்பு முன்னே நிற்கிறது. கால் பின்னே நிற்கிறது. ஆனால் கொம்பையும் காலையும் தனித்தனியே வாசிக்கக்கூடாது. நமக்கு இது பழகிப்போய்விட்டபடியால் இதில் கஷ்டமிருப்பதாகவே தோன்றுவதில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கோ, முன்னால் எழுதியதைப் பின்னால் உச்சரிக்க வேண்டுமென்பது பெரிய புதிர். பாடம் முழுவதையும் ராகம் போட்டு ஒப்பிக்கிற குழந்தையை நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி இது என்னவென்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் விழிப்பார்கள். தாய்தகப்பன்மார் ஒப்பித்தலைக் கேட்டு ஆனந்தப்பட்டு விடுகிறார்கள்.

இவையெல்லாம் புஸ்தகங்களில் இல்லையா என்றால் இருக்கின்றன. கலாசாலையில் உட்கார்ந்து அவற்றைப் படிக்கவும் வேண்டும். ஆனால் நாற்பது பிள்ளைகள் ஒரே சமயத்தில் இரைச்சல் போடுகிறபோது, ஒருவன் நோட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறபோது, அந்த ஒரு தப்பின் காரணம் கண்ணில் படவேண்டுமே! அந்தக் கண், பிள்ளைகள் முன்னால் நின்றுதான் வரும். பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் இருந்து, "இவன் ஏன் 5 போட்டான் தெரிகிறதா?" என்று கேட்டால் சீக்கிரம் வரும்.

நிற்க, வகுப்பிலேயே பழக வேண்டுமென்பது புதிய யோசனையல்ல. இதன் கதையில் ஒரு பகுதி நமது சென்னை எழும்பூரிலேயே நடந்திருக்கிறது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் உண்டு. மூத்த பையன் சின்னப் பையன்களுக்கு மணலில் எழுதச் சொல்லிக் கொடுப்பான். 1789-ம் வருஷத்தில் எழும்பூர் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்கு மேலதிகாரியாக வந்த ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காத்லாந்துப் பாதிரியார் இப்படிப்பட்ட ஒரு "மலபார்" பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். (அக்காலத்து வெள்ளைக்காரர் தமிழரையே "மலபார்" என்று அழைப்பது வழக்கம்.) மணலில் எழுத வைக்கும்படி அவர் தம் கீழிருந்த உபாத்தியாயர்களிடம் சொன்னார். அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உடனே ஜான் பிரிஸ்கன் என்கிற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு வேலையை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். பெல் 1796-ல் சீமைக்குத் திரும்பி, அடுத்த வருஷமே இதைப் பற்றி லண்டனில் ஒரு புஸ்தகம் போட்டார். 1798-ல் ஜோசப் லங்காஸ்டர் என்பவர் லண்டனில் பள்ளி வைத்து இதே மாதிரி முறையைக் கையாண்டார். "மதராஸ் முறை" என்கிற பெயரோடு நம் சட்டாம்பிள்ளை சீமைக்குப் போய்விட்டான்!

இதைக் கேட்டு நம்மவர்கள் சிலருக்கு மார்பு விம்மும். விம்ம வேண்டியதில்லை. அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் உட்காரக்கூடாது என்றிருந்ததை மறந்துவிடக் கூடாது. சீமையிலும் அம்முறையைப் பிரபலப்படுத்தியது பெரும்பாலும் அதன் மலிவுதான். ஒரு வாத்தியார் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை அடக்கி உட்கார வைக்கலாமென்றால் பணக்காரர் சந்தோஷப்படாமல் என்ன செய்வார்கள்? ஆனால் பத்து வயதுப் பையன் தான் மனப்பாடம் பண்ணியதைத்தான் எட்டு வயதுப் பையனுக்குக் கொடுக்க முடியும். ஏன், எப்படி என்று கேட்டால் இருவரும் விழிக்க வேண்டியதுதான்.

அந்தக் குறை தெரிந்துதான் 1846-ல் கே-ஷட்டில்வர்த் என்பவர் ஏற்பாட்டின் பேரில் இங்கிலாந்தில் வேறொரு திட்டம் வந்தது. 13 வயதான கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி, ஒரு தலைமை உபாத்தியாயரின் கீழ் 5 வருஷம் விட்டார்கள். சர்க்கார் முதல் வருஷம் 10 பவுன் கொடுத்து, 20 பவுன் வரையில் படிப்படியாக உயர்த்தியது. பகலெல்லாம் வகுப்பு நடத்த வேண்டும். பள்ளி நேரம் போக தினம் ஒன்றரை மணி தலைமை உபாத்தியாயரிடம் தான் பாடம் கேட்க வேண்டும். பிறகு பரிட்சையில் தேறினால் பயிற்சிக் கலாசாலைக்குப் போகலாம். உழைப்பாளி வீட்டுப் பெண்களும் பையன்களும் ஏராளமாக இவ்வழியில் வாத்தியார்களானார்கள் என்பது மெய். ஆனால் பகலெல்லாம் கத்திக் களைத்த பிள்ளை மாலையில் என்ன படிக்கும்? ஆகவே அடுத்த தலைமுறையில் கலாசாலைப் படிப்பின் பக்கம் சாய்ந்தார்கள். பிறகு 1992-ல் அதே இங்கிலாந்தில், மேல் வகுப்புகளுக்கு உபாத்தியாயராகிறவர்களுடைய 36 வாரப் படிப்பில் 24 வாரம் பள்ளிக்கூடத்திலேயே கழிய வேண்டுமென்று விதி செய்தார்கள். பள்ளிக்கும் கலாசாலைக்குமாக இப்படி ஊஞ்சலாடியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு தோழர் நம்மைக் கேட்கலாம்: "வேலை செய்கிற இடத்திலேயே வேலையைக் கற்கட்டுமென்று 1953-ல் ராஜகோபாலாச்சாரியார் அரைநாள் படிப்புத் திட்டம் கொண்டு வந்தபோது குலக்கல்வி என்று எதிர்த்தீர்களே, இப்போது நீங்களே அதைப் பேசுகிறீர்களே?" என்று. கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே தகப்பன் தொழிலை மகன் கற்க வேண்டுமென்றார்கள். இங்கே ஒருவர் தாமாக விரும்பிய தொழிலைக் கற்கிறார். அங்கே வெட்டியது பிள்ளையின் பள்ளி நேரத்தை. இங்கே படித்து முடித்தவருக்குப் பள்ளியைக் காட்டுகிறோம். இது மாத்திரமல்ல, பயிற்சி என்கிற சாதனமே பிறப்புரிமையை உடைத்த சாதனம். சாவித்திரிபாய் பூலே அம்மையார் 1848-ல் புனாவில் பெண்களுக்குப் பள்ளி நடத்தியது யார் ஆசீர்வாதத்தினால்? வீட்டில் கணவரிடம் எழுத்துக் கற்று, அகமத் நகரிலும் புனாவிலும் உபாத்தியாயப் பயிற்சி பெற்றுத்தான் பிள்ளைகள் முன் நின்றார். தெருவில் போகையில் அவர் மேல் சாணி வீசினவர்களுக்குக் கோபம் வந்த காரணமும் அதுவே.

இருந்தாலும் அந்தத் தோழரின் கேள்வியில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. பார்த்துப் பழகுவது மாத்திரமே பயிற்சியென்றால், முன்னிருப்பவரின் நல்லதோடு கெட்டதும் ஒட்டிக்கொள்ளும். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிக்கக்கூடாதென்கிறது. பயிற்சிக்காரர் அதைப் பரிட்சையில் அழகாக எழுதிவிட்டு வருகிறார். வகுப்பில் மேஜை மேல் பிரம்பு இருக்கிறது. ஒரே வாரத்தில் எது ஜெயிக்குமென்று நாம் சொல்ல வேண்டுமா? ஆகையால் வகுப்பில் கண்டதைக் கலாசாலைக்குக் கொண்டு போய் விவாதிக்கவும், அங்கே படித்ததை வகுப்பில் சோதித்துப் பார்க்கவும் வசதி வேண்டும். பின்லாந்தில் சர்வகலாசாலைகளே தங்களுக்கென்று பயிற்சிப் பள்ளிக்கூடங்கள் நடத்துகின்றன. ஜப்பானில் நான்கைந்து உபாத்தியாயர்கள் கூடி ஒரு பாடத்தைத் தயாரிக்கிறார்கள். ஒருவர் நடத்த மற்றவர்கள் வகுப்பிலேயே நின்று பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள். பிறகு உட்கார்ந்து, பிள்ளை எங்கே சிக்கிற்று என்று பேசுகிறார்கள். இருபது வருஷம் வேலை பார்த்தவரும் இதற்கு வெட்கப்படுவதில்லை. நம்மிடையே இன்னொரு வாத்தியார் வகுப்புக்குள் வந்தாலே அவமானமாகக் கருதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி நம் யோக்கியதையைப் பார்ப்போம். சைதாப்பேட்டைக் கலாசாலையின் ஆரம்பம் 1856-ம் வருஷத்துப் பயிற்சிப் பள்ளி. ஆகவே பயிற்சி என்பது நமக்கு அன்னியமல்ல. பிற்காலத்தில் பி.எட். படிப்பு ஒரு வருஷம், அதில் பள்ளிக்கூடப் பழக்கம் 40 நாள் என்று நடந்து வந்தது. சுப்ரீம் கோர்ட்டு நியமித்த வர்மா கமிஷன் 2012-ல் இந்தியாவெங்குமுள்ள பயிற்சி ஸ்தாபனங்களின் நிலைமையை விசாரித்து அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு 2014-ல் வந்த விதிகளின்படி பி.எட். இரண்டு வருஷமாயிற்று, பள்ளியில் 20 வாரம் இருக்க வேண்டுமென்றும் ஆயிற்று.

காகிதத்தில் சந்தோஷமே. அந்த 20 வாரமும் எப்படிக் கழிகிறதென்பதுதான் கேள்வி. நல்ல பள்ளிகளில் நன்றாகவே கழிகிறது. அதை மறைக்க மாட்டோம். மற்ற இடங்களில் நடப்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. பயிற்சிக்காரர் வந்ததும் வகுப்பு உபாத்தியாயர் "அப்பாடா" என்று எழுந்து போய்விடுகிறார். இல்லையென்றால் வந்தவருக்கு ரிஜிஸ்தர் எழுதுகிற வேலை கொடுக்கப்படுகிறது. பாடக்குறிப்பு நோட்டு முந்தின வருஷத்தார் நோட்டைப் பார்த்து எழுதப்படுகிறது. படங்கள் கடையில் வரைந்து வாங்கப்படுகின்றன. கலாசாலையிலிருந்து பார்வையிட ஒருவர் வருகிறாரென்றால் முதல் நாளே பிள்ளைகளுக்குக் கேள்வியும் பதிலும் சொல்லி வைக்கப்படுகிறது. பணத்தைக் கட்டிவிட்டுப் பரிட்சைக்கு மாத்திரம் வந்து போகிறவர்களும் உண்டு. கோவிலுக்குப் போகாமலே பிரசாதம் வீட்டுக்கு வருவது மாதிரி, வகுப்புக்குப் போகாமலே சர்டிபிகேட்டு வருகிறது. வீடு நிலம் அடகு வைத்துப் படிக்க வைத்த பெற்றோரும் இதில் ஏமாந்தவர்களே. பிறகு அந்தக் கையில் நம் குழந்தையின் சிலேட்டை ஒப்படைக்கிறோம்.

பக்கத்தில் ஒருவர் இருந்து பார்ப்பதில் என்ன பிரயோஜனம் என்பதற்கு இன்னும் ஒன்று சொல்லுகிறோம். பயிற்சிக்காரர் பாடம் நடத்தும்போது இன்னொருவர் கடைசி பெஞ்சில் ஒரு காகிதத்தோடு உட்காரட்டும். கேட்கப்படுகிற ஒவ்வொரு கேள்வியும் எந்தப் பிள்ளையிடம் கேட்கப்பட்டதென்று புள்ளி வைக்கட்டும். மணி அடித்த பிறகு காகிதத்தைக் காட்டினால், நடத்தினவரே அதைப் பார்த்துத் திடுக்கிடக்கூடும். முன்வரிசையில் நாலைந்து பேரிடமே புள்ளிகள் குவிந்திருக்கும். பெண் பிள்ளைகள் பக்கம் எத்தனை? சேரியிலிருந்து வரும் பிள்ளைகள் பக்கம் எத்தனை? தமக்கு ஜாதி வித்தியாசமே கிடையாதென்று மேடையில் பேசுகிறவருடைய காகிதமும் வேறு மாதிரி இருக்குமென்று நாம் உறுதி சொல்ல மாட்டோம். எந்தப் பிரசங்கமும் இதைக் காட்டிக் கொடுக்காது. புள்ளி காட்டிக் கொடுக்கும்.

பயிற்சி மாணவர்களே! உங்களுக்கு ஒரு சொல். முதல் நாள் வகுப்பில் நா வறண்டு, பாடம் பாதியில் தீர்ந்துபோய், பிள்ளைகள் சிரித்தால் "நமக்கு இது ராசியில்லை" என்று ஓடிவிடாதீர்கள். எந்தத் தொழிலுக்கும் முதல் நாள் அப்படித்தான். உங்கள் பாடத்தைப் பார்த்துக் குறை சொல்ல ஆளில்லையென்றால் அதை அதிர்ஷ்டமாக எண்ணாமல், நீங்களே போய் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

பெற்றோர்களே! கல்வி உரிமைச் சட்டப்படி சர்க்கார் பள்ளிகளில் மேலாண்மைக் குழு உண்டு; அதில் முக்கால் பங்கு பெற்றோர்களே இருக்க வேண்டும். இந்த வருஷம் உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பயிற்சிக்காரர்கள் வரும்போது குழுக் கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். அவர்கள் பாடம் நடத்தும்போது வகுப்பு உபாத்தியாயர் உள்ளே இருக்கிறாரா? பாடம் முடிந்து யாராவது அவர்களோடு உட்கார்ந்து பேசுகிறார்களா? காலியாயிருக்கிற வேலைக்குச் சம்பளமில்லாத ஆளாக அவர்களை உபயோகிக்கிறார்களா? பதில் வராவிட்டால் அடுத்த கூட்டத்திலும் அதே கேள்வியைக் கேட்டு, கேட்டதை மினிட் புஸ்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இன்னும் பேச வேண்டிய தோழர்கள் இருக்கிறபடியால் இத்துடன் உட்காருகிறோம்.