பந்தாடும் பிள்ளைகளுக்கு உணவும் பயிற்சியும்



நம் மாவட்டத்தின் மேற்குக் கடலோரத்தில், தூத்தூரை அடுத்து இரவிபுத்தன்துறை என்னும் மீனவர் ஊர் உள்ளது. அவ்வூரிற் பிறந்த மைக்கேல் சூசைராஜ் 2019-ஆம் ஆண்டு தாய்லாந்தில் நடைபெற்ற கிங்ஸ் கோப்பைப் போட்டியில் இந்திய அணிக்காக ஆடினார். அவருடன் பிறந்த மைக்கேல் ரெஜின், 2018-19-இல் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி அணியில் விளையாடியவர். கடலோரத்தில் விளைந்த இவ்வாற்றல் நாஞ்சில் நாட்டு வயலோரத்திலும் விளையக் கூடாதா? விளையும். ஆனால் நம் பிள்ளைகள் பசியோடு ஆடுகிறார்கள்.

பகல் ஒரு மணிக்கு உண்ட பிள்ளை, மாலை ஐந்து மணிக்குப் பந்தாட வருகிறான். முழு ஆட்டம் 90 நிமிடம். தேர்ந்த ஆட்டக்காரர் அதில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடுகிறார். இவ்வோட்டத்திற்கு வேண்டிய சத்து, சோற்றிலும் கிழங்கிலும் உள்ள மாவுப்பொருளிலிருந்து தசையிற் சேர்ந்திருப்பது. அது தீர்ந்ததும் கால் தளர்கிறது. நாமோ சோம்பேறி என்று ஏசுகிறோம்!

ஆட்டத்திற்கு மூன்று மணி நேரம் முன்பு வயிறாரச் சோறு உண்ணட்டும். களமிறங்க அரை மணிக்கு முன் இரண்டு மட்டிப் பழம் போதும். இடையிடையே தண்ணீர் வேண்டும். வெயிற் காலத்தில் உப்பிட்ட கஞ்சித் தண்ணீர் மிக நன்று. ஆடி முடித்தபின் தசையைச் செப்பனிடப் புரதம் தேவை. மரச்சீனிக் கிழங்கில் மாவு மிகுதி. புரதமோ 100 கிராமுக்கு ஒரு கிராம் அளவே. அதனால்தான் நம் வீடுகளில் வேகவைத்த நீரை வடித்துவிட்டு, கிழங்கைச் சாளை மீன் குழம்போடு உண்கிறோம். விலையுயர்ந்த சத்துமாவு டப்பாக்களுக்குச் செலவிடும் பெற்றோர் இதைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

பயிற்சியைப் பற்றியும் ஒரு சொல். 2020-ஆம் ஆண்டுப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே சூசைராஜுக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டது. நன்கு பயின்றவருக்கே இந்நிலை! வந்தவுடன் பந்தை உதைக்கத் தொடங்கலாகாது. மெல்லோட்டம், ஒற்றைக் காலில் நிற்றல், குந்தி எழுதல், குதித்து முழங்காலை மடக்கி இறங்குதல் என 20 நிமிடம் உடலைப் பதப்படுத்த வேண்டும். நார்வேயில் இவ்வாறு பயின்ற சிறுமியருக்குக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2008-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நம் பெண் பிள்ளைகளையும் களத்திற்கு அனுப்புங்கள். வாரத்தில் ஒரு நாளேனும் ஓய்வு கொடுங்கள். இரவில் நன்றாக உறங்கட்டும்.

கும்பப்பூ அறுவடை முடிந்ததும் பிள்ளைகள் வயலில் இறங்கி ஆடுவர். தாள் குத்தும் கட்டிகளில் கணுக்கால் பிசகுவது அங்கேதான். பஞ்சாயத்து ஒரு புறம்போக்கு நிலத்தைச் சமன் செய்து, குடிநீர்க் குழாய் ஒன்று வைத்துத் தரலாம். உழவர்களாகிய உங்களிடம் நான் கேட்பது பயறு. நாள்தோறும் ஒரு கிலோ சிறுபயறு அவித்தால் இருபது பிள்ளைகளுக்குப் போதும். ஒவ்வொருவருக்கும் 12 கிராம் அளவு புரதம் கிட்டும். வீட்டுக்கு ஒரு நாள் என முறை வைத்துக்கொண்டால், எவருக்கும் சுமையிராது.